ஒரே குருவிக்கு ரெண்டு மலை ஏறணுமா?

போன இதழ்ல, மேற்குத்தொடர்ச்சி மலைய விட்டா வேற எங்கயும் இல்லாத பறவைங்கள (எண்டெமிக்னு சொல்வாங்க) பத்தி போற போக்குல நாலு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்த லெட்டர், மெயில், வாட்ஸப் எல்லாத்தையும் சேத்தா இந்த மாசம் வேற எதுக்கும் இடம் இல்லைங்க. லவ் பேர்ட்ஸ் முட்டைய கூண்டுல இருந்து கீழ தள்ளுதுன்னு கேட்ட அம்மா அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கேள்வி: ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு சார். வாக்கிங் போற கண்மாய்ல பறவை பாக்க ஆரம்பிச்சது இப்ப பைத்தியமாவே ஆயிடுச்சு, வீட்டம்மா திட்டுறாங்க. கைடோட 6 நாள் டூர், "மேற்குத்தொடர்ச்சி மலை எண்டெமிக் பறவை எல்லாம் காட்டுவோம், மலை இருவாச்சியும் உண்டு"ன்னு ஒரு விளம்பரம் வந்துச்சு. நம்பி பணம் கட்டலாமா? (மதுரை வாசகர்)

பதில்: கட்டுங்க, ஆனா "எல்லாம்"ங்குற வார்த்தைய மட்டும் அடிச்சிட்டு கட்டுங்க.

முதல்ல ஒண்ணு. மலை இருவாச்சி எண்டெமிக் கிடையாது. கேரளாவுக்கு மாநிலப் பறவை அதுதான், அருணாச்சலப் பிரதேசத்துக்கும் அதேதான், அப்புறம் எப்படி நம்ம மலைக்கு மட்டும் சொந்தம்னு சொல்றது. பாக்க அவ்ளோ அழகு, அது றெக்கைய அடிச்சு தலைக்கு மேல போற சத்தத்த கேட்டா ரயில் எஞ்சின் மூச்சு விடுற மாதிரி இருக்கும், அதனால எல்லா விளம்பரத்துலயும் அதோட போட்டோதான். நம்ம மலைக்கே உரியது அதோட சின்னத் தம்பி, மலபார் சாம்பல் இருவாச்சி. தலைல அந்த மஞ்சள் கொண்டை இருக்காது, நிறமும் சாம்பல்தான், போட்டோவுல எடுபடாது. ஆனா அது கத்துறத கேட்டா யாரோ குடிச்சிட்டு மரத்து மேல உக்காந்து சிரிக்கிற மாதிரி இருக்கும். எண்டெமிக் வேணும்னு போனா நீங்க தேட வேண்டியது இவரத்தான்.

அடுத்து, டூர்க்காரர்கிட்ட "எத்தன பறவை காட்டுவீங்க"ன்னு கேக்காதீங்க. "எந்தெந்த உயரத்துல எத்தன ராத்திரி தங்குறோம்"னு கேளுங்க. ஏன்னா இந்தப் பறவைங்க காட்டுல பரவலா இல்ல சார், மாடி மாடியா இருக்கு. இந்த மாடிக்காரன் அந்த மாடிக்கு வர மாட்டான்.

இது எனக்குப் புரிஞ்சது உடுமலை - மூணாறு ரோட்டுலதான். அமராவதி தாண்டி சின்னாறு செக்போஸ்ட் கிட்ட போனா ஒரே முள்ளுக்காடு, பாறை, கள்ளி, மழை மறைவுப் பிரதேசம், உங்க ஊர் பக்கம் மாதிரியே வெயில். அங்க பாறை இடுக்குல மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கு. அது தீபகற்பத்தோட தென்பாதில இந்த மாதிரி காஞ்ச பாறைக் குன்றுகள்ல மட்டும்தான் இருக்கும், பச்சைக் காட்டுக்குள்ள கூட்டிட்டு போனா செத்தாலும் வராது. உள்ள நடக்கணும்னா வனத்துறை அனுமதி வேணும், கூட அவங்க கைடும் வரணும், அங்கயே பொறந்து வளந்த பழங்குடி ஆளுங்க. நாம பைனாகுலர ஃபோகஸ் பண்றதுக்குள்ள அவங்க வெறுங்கண்ணால பாத்துட்டு, பீடிய பத்த வைக்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருப்பாங்க. அங்க இருந்து மறையூர் சந்தனக்காடு, கரும்புத்தோட்டம், அப்புறம் டீ எஸ்டேட், ஜெர்கின் போடுற குளிரு. மூணாறு பக்கம் சோலைக்காட்டு (உயரமான மலைல புல்வெளிக்கு நடுவுல இருக்குற குட்டைக் காடு) ஓரத்துல நின்னா நீலகிரி ஈப்பிடிப்பான், கறுப்பும் ஆரஞ்சுமா இருக்குற இன்னொரு ஈப்பிடிப்பான், பழனிச் சிரிப்பான். இன்னும் மேல இரவிகுளம் புல்வெளில நீலகிரி நெட்டைக்காலி, பறக்கவே சோம்பேறி, வரையாடு காலுக்கு நடுவுல புல்லுல ஓடிட்டே இருக்கும். காலைல இட்லி சாப்பிட்ட எடத்துல வேர்த்து ஊத்துச்சு, சாயங்காலம் பல்லு கிட்டிச்சு, நடுவுல 80 கிலோமீட்டர் சொச்சம்தான்.

அடுத்த நாள் அதே ரோட்ட அந்தப் பக்கம் இறக்கத்துல பிடிச்சு அடிமாலி, நேரியமங்கலம் வழியா தட்டேக்காடு போனா பெரியாறு ஓரத்துல சமவெளி மழைக்காடு, சாம்பல் இருவாச்சி, மலபார் குக்குறுவான், மலபார் கிளி, சாம்பல்தலைச் சின்னான், எல்லாமே புதுக் கணக்கு. மூணாறுல பாத்தது ஒண்ணு கூட அங்க இல்ல.

அதனால 6 நாள்ல மூணு உயரத்துலயாவது ரெண்டு ரெண்டு ராத்திரி இருக்கான்னு பாருங்க. தினம் ஒரு ஊருன்னு ஓடுற பிளான்னா நீங்க பாக்குறது பறவை இல்ல, ஹேர்பின் பெண்டு. இன்னொண்ணு, ஆள் எண்ணிக்கை. ஒரு தடவ 14 பேர ரெண்டு வேன்ல ஏத்திட்டு போனாங்க, பின்னாடி வேன் வந்து நிக்கிறதுக்குள்ள முன்னாடி வேன்காரங்க கதவ டமால்னு சாத்தி எல்லாத்தயும் பறக்க விட்டுட்டாங்க, மூணு நாளும் இதே கதை. ஆறு பேருக்கு மேல இருந்தா நான் இப்பல்லாம் போறதில்ல.

கேள்வி: தொட்டபெட்டாவுல நீலகிரிச் சிரிப்பான் பாத்துட்டேன். கொடைக்கானல் டிரிப்ல கைடு பழனிச் சிரிப்பான்னு ஒண்ண காட்டி லிஸ்ட்ல புதுசா எழுதிக்க சொன்னார். எனக்கு ரெண்டும் ஒரே குருவி மாதிரிதான் தெரியுது. லிஸ்ட் நீளணும்னு இவங்களா பிரிச்சு வெச்சிருக்காங்களா? இதுக்காக ரெண்டு மலை ஏறணுமா? (கரூர் வாசகர்)

பதில்: எனக்கும் இதே சந்தேகம் ரொம்ப நாளா இருந்துச்சுங்க. நம்ம வீட்டுப் பக்கம் கூட்டமா கத்திட்டு திரியுமே தவிட்டுக்குருவி, அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் இந்த சிரிப்பான்ங்க. மலையாளத்துல சிலப்பன்னு பேரு, இப்ப இங்கிலீஷ் புத்தகத்துலயும் அந்தப் பேரையே போட ஆரம்பிச்சிட்டாங்க.

கோயம்புத்தூர்ல ஜூன் மாசம் ஒரு காத்து அடிக்கும் தெரியுமா, மொட்டை மாடில காயப்போட்ட லுங்கி பக்கத்துத் தெருவுக்கு போயிடும். அந்தக் காத்து வர வழிதான் உங்க கேள்விக்கு பதில். பாலக்காட்டுக் கணவாய். மேற்குத்தொடர்ச்சி மலை வரிசையா வந்துட்டே இருந்து அங்க மட்டும் முப்பது நாப்பது கிலோமீட்டருக்கு படக்குனு காணாம போயிடும். வடக்கால நீலகிரி, தெக்கால ஆனைமலை, பழனிமலை. நடுவுல தென்னந்தோப்பும் வயலும் வெயிலும். 2,000 மீட்டர் உயரத்துல குளிருல பொறந்த குருவிக்கு அந்தத் தாழ்வு ஒரு கடல் மாதிரி. இறங்கவும் இறங்காது, தாண்டவும் தாண்டாது. ஒவ்வொரு மலை உச்சியும் ஒரு தீவு, பல லட்சம் வருஷமா அந்தந்தத் தீவுக்காரங்க தனித்தனியா வாழ்ந்து தனித்தனி ஜாதியாவே ஆயிட்டாங்க.

இன்னும் தெக்க போனா செங்கோட்டைக் கணவாய். குற்றாலத்துக்கு சாரல் வர வழி. அத தாண்டி அகத்தியமலைப் பக்கம் இருக்குறது வேற சிரிப்பான். நீலகிரிக்கும் வடக்க வயநாட்டுப் பக்கம் பாணாசுர மலைல இன்னொண்ணு. ஆக நாலு.

சோலைக்கிளின்னு இன்னொரு பறவை இருக்கு, கிளி இல்லைங்க, பேருதான் அப்படி, நீலமா சின்னதா சோலைக்காட்டு அடில இருட்டுல தத்தித் தத்தி போகும். அதுலயும் இதே கதைதான், நீலகிரிக்கு ஒண்ணு, பாலக்காட்டுக் கணவாய்க்கு தெக்க ஒண்ணு, செங்கோட்டைக்கு தெக்க ஒண்ணு. முன்னாடி எல்லாத்தையும் ஒரே பறவைன்னு வெச்சிருந்தாங்க, அதுவும் இமயமலைப் பக்கத்து வேற ஒரு கூட்டத்தோட சேத்து. பறவை ஆராய்ச்சியாளர் வி.வி. ராபினும் அவரோட குழுவும் மலை மலையா போய் இதுங்களோட மரபணுவ பாத்தாங்க. 2017-ல, இது அந்தக் கூட்டமே இல்ல, தனிப் பேரினம்னு சொல்லி சோலைங்குற வார்த்தைய அறிவியல் பேருலயும் வெச்சு எழுதுனாங்க. செங்கோட்டைக்கு தெக்க இருக்குற சோலைக்கிளி அப்பதான் புது இனமா வந்துச்சு. சிரிப்பானுக்கும் அதே ஆராய்ச்சிலதான் புதுப் பேரினம் கெடச்சுது. டூர்க்காரங்க லிஸ்ட்ட நீட்ட பண்ணின வேலை இல்லைங்க, கைடு சொன்னது சரிதான், எழுதிக்குங்க.

ரெண்டு மலை ஏறணுமான்னா ஏறித்தான் ஆகணும். ஆனா ஏறும்போது அந்த மலை எப்படி இருக்குன்னும் பாருங்க. ஊட்டி சுத்தி பச்சையா தெரியுறதுல பாதிக்கு மேல சீகை, யூகலிப்டஸ், பைன், டீ. வெள்ளக்காரன் காலத்துலயும் அப்புறமும் "சும்மா கெடக்குது"ன்னு புல்வெளில எல்லாம் மரம் நட்டுட்டாங்க. மரம் நட்டா நல்லதுதானேன்னு ஸ்கூல்ல படிச்ச நமக்கு தோணும், நெட்டைக்காலிகிட்ட கேட்டா வேற மாதிரி சொல்லும், அதுக்கு புல்லுதான் வீடு, மரம் வந்தா வீடு போச்சு. சிரிப்பான் கொஞ்சம் பொழைக்கத் தெரிஞ்ச ஆளு, தோட்டத்து வேலிக்கும் வந்துடும். சோலைக்கிளி அப்படி இல்ல.

கேள்வி: தட்டேக்காடுல கைடு புக் பண்ணி தவளைவாயன் பாக்க போனோம். அவர் நேரா ஒரு மூங்கில் புதருக்கு கூட்டிட்டு போய் "அதோ"ன்னு காட்டிட்டார், அஞ்சு நிமிஷம் கூட ஆகல. தேடி அலைஞ்சு கண்டுபிடிக்கிற திரில்லே இல்ல. ஏமாந்துட்ட மாதிரி இருக்கு அண்ணா. (திருப்பூர் தம்பி)

பதில்: தம்பி, அவர் "அதோ"ன்னு காட்டின அப்புறம் உனக்கு கண்ணுல தெரிய எவ்ளோ நேரம் ஆச்சுன்னு நீ எழுதல பாரு. எனக்கு முதல் தடவ பத்து நிமிஷம் ஆச்சு. லேசர் அடிக்க கூடாதுன்னு அவர் விரல நீட்டி "அந்த காஞ்ச எல, அதுக்கு எடது பக்கம் இன்னொரு காஞ்ச எல"ன்னாரு, ரெண்டு எலையும் பறவை. ஜோடியா ஒட்டி உக்காந்து பகல் முழுக்க அசையாது, ஒண்ணு சாம்பல், ஒண்ணு செம்பழுப்பு, கண்ண கூட சும்மா கீறல் மாதிரி வெச்சுக்கும். வெறும் ஒரே ஒரு முட்டை போடும், பகல்ல ஆண்தான் அடைகாக்கும், அந்தக் கூடே உள்ளங்கை அளவுதான். இலங்கைத் தவளைவாயன்னு பேரு, இலங்கைலயும் நம்ம மேற்கு மலைலயும் மட்டும்தான் உண்டு.

அந்த அஞ்சு நிமிஷத்துக்கு பின்னாடி அவர் அன்னிக்கு காலைல அஞ்சு மணிக்கு போய் நாலு புதர் பாத்துட்டு வந்திருப்பார். நேத்து இருந்த கிளைல இன்னிக்கு இருக்கும்னு இல்ல. நீ காசு குடுத்தது அவர் கண்ணுக்கு இல்லப்பா, அவரோட வருஷங்களுக்கு.

திரில் வேணும்னா அடுத்த தடவ கைடுகிட்ட "அண்ணே, இடத்த மட்டும் சொல்லுங்க, நானே தேடுறேன்"னு சொல்லிப் பாரு. சந்தோஷமா ஒத்துக்குவாங்க. ஆனா பக்கத்துல போகாத, கிளைய ஆட்டாத, ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஒரு குரூப் டிரிப்ல கைடு புளூடூத் ஸ்பீக்கர்ல பறவை சத்தத்த போட்டு போட்டு வரவழைச்சார். எல்லாரும் போட்டோ எடுத்தாங்க, நானும் எடுத்தேன். அப்புறம் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. தப்பா மேடம்... சார்? (நீங்க ஆணா பெண்ணான்னு தெரியல) (திருச்சி வாசகி)

பதில்: சார்தான். பரவால்ல.

தப்புதான்னு நான் நினைக்கிறேன், ஆனா இதுல பறவைக்காரங்களுக்குள்ளயே சண்டை உண்டு. ஒரு தடவ, ரொம்ப மெல்லமா போட்டு நிறுத்திட்டா, அம்பது பேர் காட்ட மிதிச்சு தேடுறத விட அது மேல்னு சில பெரியவங்களே சொல்வாங்க. எனக்கு ஒத்துக்கல. அந்தப் பறவைக்கு என்ன கேக்குதுன்னு யோசிங்க. வேற ஒரு ஆண் தன் எடத்துக்குள்ள வந்துட்டான்னு கேக்குது. அது சாப்பிடுறத விட்டு, குஞ்சு இருந்தா குஞ்சையும் விட்டு சண்டைக்கு ஓடி வருது, வந்து பாத்தா ஆளு இல்ல. தினம் நாலு குரூப், ஒவ்வொரு குரூப்புக்கும் நாலு தடவ.

நானும் ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு சோலைல இத பாத்தேன். கூட வந்த கைடு சோலைக்கிளிக்கு சத்தம் போட்டுட்டே இருந்தார், அதுவும் பத்தடில வந்து வந்து போச்சு, வாய்ல புழு வெச்சிருந்துச்சு. எங்கயோ குஞ்சு பசியோட உக்காந்திருக்கு. கேமராவ இறக்கிட்டு "போதும்ணே"ன்னேன், மத்தவங்க என்ன முறைச்சாங்க. அதுக்கப்புறம் புக் பண்ணும்போதே ஸ்பீக்கர் வேண்டாம்னு சொல்லிடுறது. சோலைக்கிளிய நான் நல்லா பாத்தது ஸ்பீக்கர் இல்லாம ஒரு ஓடை ஓரம் முக்கா மணி நேரம் கல்லு மாதிரி உக்காந்தப்பதான். வெளிச்சம் போற நேரம் அதுவா வந்து ரோட்டோர ஈர மண்ண கிளறிட்டு போச்சு. போட்டோ ஆடிப்போச்சு, பரவால்ல.

எடுத்த போட்டோவ அழிக்கணும்னு இல்லைங்க. அடுத்த டிரிப்ல வாய தொறந்து சொல்லுங்க, அது போதும்.

கேள்வி: எந்த மாசம் போறது பெஸ்ட்? (நாலஞ்சு பேர் கேட்டது)

பதில்: டிசம்பர்ல இருந்து மார்ச். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேற்குப் பக்கம் ஊத்தும், அக்டோபர் நவம்பர்ல நம்ம பக்க மழை. குளிர்காலத்துல போனா எண்டெமிக்கோட சேத்து விருந்தாளிங்களும் கிடைப்பாங்க, காஷ்மீர்ல கூடு கட்டுற ஈப்பிடிப்பான் ஊட்டிக்கு வந்து தங்கி இருக்கும், நாம கோடைக்கு ஊட்டி போற மாதிரி அது குளிருக்கு வருது. ஒரே ஒரு எச்சரிக்கை, பிப்ரவரி மார்ச்சுல வரையாடு குட்டி போடுற சமயம்னு இரவிகுளத்த வழக்கமா மூடிடுவாங்க, நெட்டைக்காலிக்காக போறவங்க ஜனவரிலயே முடிச்சுக்குங்க.

கேள்வி: பைனாகுலர் என்ன வாங்கறது, அட்டைப்பூச்சிக்கு என்ன பண்றது, என்ன கலர் சட்டை? (ஈரோடு வாசகி)

பதில்: பைனாகுலர் 8x42. எட்டு மடங்கு பெருசா காட்டும், முன்னாடி கண்ணாடி 42 மில்லிமீட்டர், சோலைக்காட்டு இருட்டுக்கு அந்த அகலம் வேணும். கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்குன்னு ஆசை காட்டுவார், வாங்காதீங்க, கை நடுக்கமும் சேந்து முப்பது மடங்கு ஆகும்.

அட்டைக்கு லீச் சாக்ஸ், முட்டி வரைக்கும் வரும், இறுக்கி கட்டிக்குங்க. கடிச்சா பயப்பட ஒண்ணும் இல்ல, ரத்தம்தான் கொஞ்ச நேரம் நிக்காது. சட்டை எதுவா இருந்தாலும் பளிச்சுன்னு வெள்ளையா இருக்க வேண்டாம். சட்டைய விட முக்கியம் வாய். காட்டுல அரை மணி நேரம் ஒண்ணுமே இருக்காது, திடீர்னு ஒரு கூட்டம் வரும், பத்து பன்னெண்டு ஜாதி ஒண்ணா சேந்து மரம் மரமா மேஞ்சிட்டு போகும், மூணு நிமிஷம்தான், அந்த நேரம் பாத்து நாம "நேத்து அந்த ஓட்டல்ல பரோட்டா"ன்னு பேசிட்டு இருப்போம்.

கேள்வி: என் பையனுக்கு 10 வயசு. பறவைன்னா உசுரு. இந்த மாதிரி டிரிப்க்கு கூட்டிட்டு போகலாமா, இல்ல போர் அடிச்சு அழுவானா? (கோவை வாசகி)

பதில்: நாலு மணிக்கு எழுப்பினா அழுவான்மா, நானே அழுவேன். 6 நாள் டிரிப் இப்ப வேண்டாம். சிங்காநல்லூர் குளமும் சூலூர் குளமும் உங்க வீட்டுக்கு எவ்ளோ தூரம்? ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம், ஒரு நோட்டு, ஒரு பென்சில். பொங்கல் லீவுல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 15 நிமிஷம் நின்னு எண்ணினாலே போதும், உங்க மொட்டை மாடில இருந்தே பண்ணலாம். அதுல அவன் தாக்குப்பிடிச்சா ஒரு வீக்கெண்ட் வால்பாறை. ஆழியார்ல இருந்து 40 ஹேர்பின், வாந்தி வந்தா கவர் வெச்சுக்குங்க, மேல போனா இருவாச்சியும் சிங்கவால் குரங்கும் ரோட்டோரத்துலயே இருக்கும், குழந்தைங்களுக்கு பெருசா எதாவது தெரியணும், சோலைக்கிளிக்காக முக்கா மணி நேரம் உக்காருன்னா உங்கள திட்டுவான்.

லிஸ்ட்ட அவனே எழுதட்டும். பேர் தப்பா எழுதினா திருத்த வேண்டாம், அவனே ஒரு நாள் திருத்துவான்.

கேள்வி: இவ்ளோ பேசுறீங்களே, நீங்க இன்னும் பாக்காத எண்டெமிக் எது? (பெயர் போடாத ஒரு போஸ்ட் கார்டு)

பதில்: அகலவால் புல்குருவி. மூணு தடவ போய் ஒரு தடவ குரல் கேட்டேன், அதுவும் கைடு சொல்லித்தான் அது குரல்னே தெரிஞ்சுது. உயரமான புல்லுக்குள்ள எலி மாதிரி ஓடும், வெளிய தலையே காட்டாது. இனப்பெருக்க சமயத்துல மட்டும் ஆண் புல்லுக்கு மேல எழும்பி பாடிக்கிட்டே இறங்குமாம். அதுல மழை மாசமும் உண்டு, மேல மேகம் எறங்கி பக்கத்துல நிக்கிற ஆளே தெரியாது, அந்த நேரம் நாம குடைய மடக்கிட்டு டீக்கடைல உக்காந்திருக்கோம்.